விளையாட்டு நடக்கிறது, ஆங்கிலம் நடக்கவில்லை: நாடுகளை வைத்துக் கோடை வகுப்பு எடுப்பவர்களுக்கு

மியன்மாவில் திஞ்சான் என்ற புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னும் பின்னும் பள்ளி விடுமுறை. யாங்கோன், பகோ, தட்டோன், மோல்மீன் பக்கம் கோயில் மண்டபங்களிலும் வீட்டு முன்கூடங்களிலும் பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம் என்று சொல்லித் தருகிறோம். ஆங்கிலத்துக்கு உலக நாடுகள் நல்ல சரக்கு. கொடி, கால்பந்து, சாப்பாடு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா என்று எந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஒரு நாட்டோடு ஒட்டு இருக்கும். விளையாட்டாக நடத்தினால் வகுப்பு களைகட்டவும் செய்யும். ஆனால் வாரக் கடைசியில் பார்த்தால் பிள்ளைகளின் வாயில் ஒரு முழு ஆங்கில வாக்கியம் இருக்காது.

கீழே நீங்கள் வகுப்பில் பார்க்கக்கூடிய கோளாறுகளையும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளையும் எழுதியிருக்கிறேன். உங்கள் வகுப்பில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சோதனை: இந்த விளையாட்டில் ஜெயிக்க ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் என்ன சொல்லியாக வேண்டும்? விரலால் காட்டியோ ஓடியோ ஒரே ஒரு நாட்டுப் பெயரைக் கத்தியோ ஜெயிக்க முடிகிறது என்றால் நடப்பது பூகோளப் போட்டி. பாதிக் கோளாறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், தனியாகக் கேட்டால் வாய் திறப்பதில்லை

நம் பிள்ளைகள் போகும் பர்மியப் பள்ளிகளில் கூட்டமாக உரக்கப் படிப்பதுதான் பழக்கம். தனியாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, "சயாமா" (டீச்சர்) என்று ஆரம்பிக்க வேண்டும். கை கட்டியதுமே பிள்ளைக்குப் பரீட்சை பயம் வந்துவிடுகிறது. மரியாதைப் பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளையாட்டு நேரத்தில் அது வேண்டாம். உட்கார்ந்தபடியே பேசட்டும். உங்களைப் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பேசட்டும்.

அப்புறம் நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் கொடுங்கள். கேள்வியைப் போட்டுக் குழுவுக்குள் குசுகுசுவென்று பேச ஒரு நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் "மூன்று" என்று எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லாக் குழுவிலும் மூன்றாம் எண்காரர் பதில் சொல்வார். எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்ற மூன்று பேரும் ஜன்னலைப் பார்க்கப் போய்விடுவார்கள். மதிப்பெண்ணையும் மாற்றுங்கள்: நாட்டுப் பெயர் மட்டும் சொன்னால் ஒன்று, முழு வாக்கியமாகச் சொன்னால் மூன்று. இரண்டு என்று வைத்தால் பெரிய பையன்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கடைசி எழுத்துச் சங்கிலி ஐந்து நிமிடத்தில் செத்துப்போகிறது

ஒருவர் ஒரு நாட்டைச் சொல்ல, அதன் கடைசி ஆங்கில எழுத்தில் தொடங்கும் நாட்டை அடுத்தவர் சொல்லும் ஆட்டம் இது. பிள்ளைகளுக்குப் போதிய நாடுகள் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். கோளாறு ஆட்டத்திலேயே இருக்கிறது. ஐ.நா.வில் உள்ள 193 நாடுகளில் ஏ என்ற எழுத்தில் முடிபவை மிக அதிகம். ஏ-யில் தொடங்குபவையோ 11தான். அந்த 11-லும் 9 மறுபடி ஏ-யிலேயே முடிகின்றன: அல்பேனியா, அல்ஜீரியா, அண்டோரா, அங்கோலா, ஆன்டிகுவா அண்ட் பார்புடா, அர்ஜென்டினா, ஆர்மீனியா, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா. ஆப்கானிஸ்தானும் அசர்பைஜானும் மட்டுமே உங்களை "என்" (N) எழுத்துக்குத் தூக்கிவிடும். இண்டியா என்று யாராவது தொடங்கினாலே சுழலில் மாட்டிக்கொண்ட மாதிரி.

மற்ற முட்டுச்சந்துகளும் உண்டு. மெக்சிகோ, மொராக்கோ, டோகோ எல்லாம் ஓ-வில் முடியும். ஓ-வில் தொடங்குவது ஓமன் ஒன்றே. இட்டலியும் ஜெர்மனியும் ஒய்-யில் முடியும், அதற்கு யேமன் மட்டுமே பதில். ஈராக் வந்தால் கத்தார்தான். லக்சம்பர்க் வந்தால் கவலையில்லை, ஜி-யில் நிறைய இருக்கின்றன. டபிள்யூ-விலும் எக்ஸ்-இலும் தொடங்கும் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் கிடையாது.

சரிசெய்ய மூன்று வழிகள். ஏ-யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். இண்டியாவுக்கு அப்புறம் ஐ எழுத்து வரும், இட்டலி, ஈரான், ஐஸ்லாந்து என்று வழி திறக்கும். அல்லது தலைநகரங்களையும் பெரிய ஊர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எனக்குப் பிடித்தது: சங்கிலியைப் பயணமாக்கிவிடுவது. "ஐ ஆம் இன் மெக்சிகோ. ஐ ஆம் கோயிங் டு ஓமன்." அடுத்த பிள்ளை, "ஐ ஆம் இன் ஓமன். ஐ ஆம் கோயிங் டு நேபாள்." அப்படியே லாவோஸ், ஸ்விட்சர்லாந்து, டென்மார்க், கென்யா. இரண்டு வாக்கியமும் சொன்னால்தான் சங்கிலி நகரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒலியை வைத்தா எழுத்தை வைத்தா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சிலி காதுக்கு இ-யில் முடிகிறது, எழுதும்போது ஆங்கில ஈ (E) எழுத்தில் முடிகிறது. ஒரு பிள்ளையைப் பலகையருகே நிறுத்தி எழுதச் சொல்லிவிட்டால் சண்டை வராது.

"ஐ ஆம் ஜப்பான்" என்கிறார்கள்

நாடு, ஆள், மொழி மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. பட்டியலாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் அன்றைக்கு ஒப்பிப்பார்கள், மறுநாள் மீண்டும் ஐ ஆம் ஜப்பான்தான்.

மண்டபத்தின் நான்கு மூலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை "ஈஸ்": ஜப்பானீஸ், சைனீஸ், வியட்நாமீஸ், போர்ச்சுகீஸ். ஒன்று "அன்": இண்டியன், கொரியன், மலேசியன், பிரேசிலியன். ஒன்று "இஷ்": பிரிட்டிஷ், ஸ்பானிஷ், டர்க்கிஷ், போலிஷ். நான்காவது மூலை அடங்காப்பிடாரிகளுக்கு: தாய், ஃபிரெஞ்ச், கிரீக், டச்சு, ஸ்விஸ், ஃபிலிப்பினோ. நீங்கள் நாட்டைச் சொன்னதும் பிள்ளைகள் மூலைக்கு ஓட வேண்டும். சும்மா ஓடினால் ஒன்றும் கிடையாது. மூலைக்குப் போனவர் "ஷி இஸ் ஃப்ரம் ஸ்பெயின். ஷி இஸ் ஸ்பானிஷ்." என்று இரண்டையும் சொன்னால்தான் அந்த மூலையில் நிற்க உரிமை. நான்காவது மூலைதான் சீக்கிரம் பிரபலமாகும், பாருங்கள்.

மொழி வேறு, ஆள் வேறு என்பதற்குக் கால்பந்துதான் வழி. மெஸ்ஸி அர்ஜென்டினாக்காரர், பேசுவது ஸ்பானிஷ். நெய்மார் பிரேசிலியன், பேசுவது போர்ச்சுகீஸ். ரொனால்டோவும் போர்ச்சுகீஸ்தான் பேசுவார், அவர் போர்ச்சுகல்காரர். பையன்கள் இதை மறக்கவே மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து பிடிக்காது என்று நாமாக முடிவு கட்டவும் வேண்டாம். கொரியப் பாடகர்களை வைத்துத் தொடங்கினாலும் இதே பாடம்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "சயாமா, நாம் எந்த மூலை?" பிறந்தது மோல்மீன், வீட்டில் தமிழ், தெருவில் பர்மிய மொழி. தாத்தாவைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் என்பார். நீங்களாக ஒரு மூலையைக் காட்டாதீர்கள். சொல்ல வாக்கியங்களைக் கொடுங்கள், தேர்வு பிள்ளையுடையது: "ஐ ஆம் ஃப்ரம் மோல்மீன். ஐ லிவ் இன் மியன்மா. ஐ ஸ்பீக் டமில் அண்ட் பர்மீஸ்." இதில் ஃப்ரம், இன், ஸ்பீக் மூன்றும் வந்துவிட்டன. நாளைக்கு வெளியூரில் யாராவது கேட்டாலும் இதே மூன்று வாக்கியங்களால் சமாளிக்கலாம்.

"ஏஷியா லா?" என்று கேட்கிறார்கள்

ஒருவர் மனதில் ஒரு நாட்டை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்டம். பர்மியப் பேச்சில் வாக்கியத்தின் கடைசியில் "லா" போட்டால் கேள்வி ஆகிவிடும். தமிழில் "ஆ" போட்டால் போதும். பிள்ளைகள் இரண்டையும் ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒட்டிக் கேட்கிறார்கள். நினைத்தவரும் தலையை ஆட்டிப் பதில் சொல்லிவிடுவார். யாருக்கும் ஆங்கிலக் கேள்வி தேவைப்படவில்லை.

மருந்து எளிது. நாட்டை நினைத்தவருக்கு மட்டும் ஒரு விதி: "இஸ் இட்" என்று தொடங்காத கேள்விக்கு அவர் கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் திருத்தவே வேண்டாம். இரண்டு முறை பதில் வராவிட்டால் குழுவே "ஏய், இஸ் இட் போடு" என்று கத்தும். குழுவுக்குப் பத்துக் கேள்விதான் என்று கட்டுப்பாடு வைத்தால் யோசித்துக் கேட்பார்கள்.

கேட்கத் தோதான கேள்விகள் சிலவற்றைப் பலகையில் எழுதி வையுங்கள். ஆசியாவில் இருக்கிறதா, தீவா, நமக்குப் பக்கத்து நாடா என்று. பக்கத்து நாடுகள் ஐந்து: பங்களாதேஷ், இந்தியா, சீனா, லாவோஸ், தாய்லாந்து. கடல் இருக்கிறதா என்ற கேள்வி தென்கிழக்கு ஆசியாவில் உடனே பலன் தரும், ஏனென்றால் அங்கே கடலே இல்லாத நாடு லாவோஸ் ஒன்றுதான். "இஸ் இட் பிக்கர் தேன் மியன்மா?" என்ற கேள்வியை நான் ரொம்பவே சிபாரிசு செய்வேன். மியன்மா சுமார் 6,76,000 சதுர கிலோமீட்டர். தாய்லாந்து, ஜப்பான், வியட்நாம் எல்லாம் அதைவிடச் சிறியவை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வரும், ஜப்பான் பெரிய நாடு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பேசும் இலக்கணமும் கூடவே வந்துவிடும்.

பெயருக்கு முன் "த" போடுவதில் தடுமாற்றம்

தமிழிலும் பர்மிய மொழியிலும் இந்தச் சங்கதியே இல்லை, அதனால் வரும் தடுமாற்றம். பெரும்பாலான நாடுகளுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, தேவைப்படும் சிலவற்றை மட்டும் ஒரு தனி அட்டையில் எழுதுங்கள்: த ஃபிலிப்பீன்ஸ், த நெதர்லாண்ட்ஸ், த மால்டீவ்ஸ், த யுனைட்டட் ஸ்டேட்ஸ், த யுனைட்டட் கிங்டம், த யுனைட்டட் அரபு எமிரேட்ஸ். எந்த ஆட்டத்திலும் இந்தப் பெயர்கள் வந்தால் எல்லோரும் ஒரு முறை கை தட்ட வேண்டும். இதற்கு மேல் நேரம் செலவழிக்காதீர்கள்.

கொடி வரைவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது

அழகாக வரைவார்கள், வண்ணம் தீட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பச்சை கிரேயானைக் கடன் கேட்பார்கள். அத்தனையும் தமிழிலும் பர்மிய மொழியிலும். கொடி கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே கொடியை மறையுங்கள்.

இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். ஒருவர் கையில் கொடிப் படம், மற்றவர் கையில் வெறுந்தாளும் கிரேயானும். படம் வைத்திருப்பவர் சொல்லச் சொல்ல அடுத்தவர் வரைய வேண்டும். "த்ரீ ஸ்டிரைப்ஸ். யெல்லோ ஆன் டாப். கிரீன் இன் த மிடில். ரெட் அட் த பாட்டம்." முடிந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். சிரிப்புக்குக் குறைவிருக்காது.

கொடிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். வித்தியாசமான கொடிகளைக் கொடுத்தால் "கனடா" என்று பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஒன்றையொன்று ஒத்திருப்பவற்றைக் கொடுங்கள். இந்தோனேசியாவின் கொடி மேலே சிவப்பு, கீழே வெள்ளை. போலந்து அப்படியே தலைகீழ். மேல், கீழ் என்ற இரண்டு சொல்லும் தெரியாமல் இந்த ஜோடியைப் பிரிக்கவே முடியாது. மொனாக்கோவும் இந்தோனேசியாவைப் போலவே இருக்கும், நீள அகல விகிதம்தான் வேறு, அதனால் அதைச் சேர்க்க வேண்டாம்.

நமக்குத் தோதானவை மஞ்சள், பச்சை, சிவப்புக் கொடிகள். 2010 அக்டோபரில் வந்த மியன்மா கொடியில் மேலிருந்து மஞ்சள், பச்சை, சிவப்பு, நடுவே பெரிய வெள்ளை நட்சத்திரம். நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் அதே வரிசை, அதே நிறம், லித்துவேனியா. பொலிவியாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை. கானாவும் அதே வரிசைதான், ஆனால் நடுவில் கறுப்பு நட்சத்திரம். மாலியும் கினியும் இதே நிறங்களை நெட்டுக்குத்தாக வைத்திருக்கின்றன, ஒன்றின் வரிசை மற்றதற்கு நேர் எதிர். கறுப்புக்குப் பென்சில் போதும், மூன்று கிரேயானில் ஆறு நாடுகள் முடிந்தன. பிள்ளைக்கு ஒரு பெட்டி வாங்க முடியாத வகுப்புக்கு இது பெரிய சௌகரியம். நிறத்தால் ஏமாற்ற முடியாததால் வரிசையையும் திசையையும் ஆங்கிலத்தில் சொல்லியே தீர வேண்டும்.

தரையில் வைத்த அட்டையை மிதிக்க மாட்டேன் என்கிறார்கள்

நாட்டுப் பெயர் எழுதிய அட்டைகளைத் தரையில் பரப்பி, "ஜம்ப் டு பிரேசில்" என்று சொல்லிக் குதிக்க வைக்கும் ஆட்டத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகளிடம் அது நொண்டும். எழுத்து இருக்கும் தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு கும்பிடு என்றால் ஆட்டம் எப்படி ஓடும்? தவறு பிள்ளையிடம் இல்லை. அட்டைகளைத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், தொட்டால் போதும். கொடிகளை எந்தக் காரணம் கொண்டும் தரையில் போடாதீர்கள், யாருடைய கொடியாக இருந்தாலும்.

ஓட்டம்தான் நடக்கிறது

நம் கிளித்தட்டும் பர்மியப் பிள்ளைகள் ஆடும் தொக்சீத்தோவும் கிட்டத்தட்ட ஒன்று. தரையில் கோடு போட்டு, ஒரு அணி கோட்டில் காவல் நிற்க, அடுத்த அணி தாண்டிப் போகும். கோடுகளை எல்லையாக்கிவிட்டால் நாடுகள் ஆட்டம் தயார். ஆனால் பிடிப்பதும் தப்பிப்பதும் தொடங்கியதும் ஆங்கிலம் காற்றில் போய்விடும்.

தொடுவதை எடுத்துவிடுங்கள். காவல்காரர் எல்லை அதிகாரி. "வேர் ஆர் யூ ஃப்ரம்? வேர் ஆர் யூ கோயிங்?" என்று அவர் கேட்க வேண்டும், வந்தவர் பதில் சொன்னால் கோடு திறக்கும். அதிகாரி கேள்வியைத் தப்பாகக் கேட்டால் வந்தவர் சும்மாவே தாண்டிப் போகலாம். இந்த ஒரு விதியால் காவல் நிற்பவர்களும் பேச ஆரம்பிக்கிறார்கள். சித்திரை வெயிலில் இதைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சொல்லின் கடைசி ஒலி காணாமல் போகிறது

பர்மியப் பேச்சில் சொல்லின் கடைசி மெய் தொண்டையிலேயே நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் ஃபிரான்ஸ் "ஃபிரான்" ஆகிறது, கிரீஸ் "கிரீ" ஆகிறது. தமிழ்ப் பழக்கமோ நேர்மாறு, கடைசியில் ஒரு உ சேர்த்து "ஃபிரான்சு" ஆக்கும். ஒரே பிள்ளை காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ர ஒலியில் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, அதற்காகப் பாராட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

திருத்திக்கொண்டே இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். குழப்பும் ஜோடிகளை அட்டையில் எழுதுங்கள்: ஈரான், ஈராக். நைஜர், நைஜீரியா. ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா. ஒரு பிள்ளை துணிக்குப் பின்னாலிருந்து சொல்ல, குழு சரியான அட்டையை எடுக்க வேண்டும். ஈரானும் ஈராக்கும் கடைசி ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. விழுங்கினால் தப்பான அட்டை வரும், சொன்னவருக்கே புரிந்துவிடும்.

மலேசியா, சிங்கப்பூர், துபாய் தவிர எதுவும் தெரியவில்லை

தெரிந்ததிலிருந்தே தொடங்கலாமே. துபாய் ஊர், நாடு எமிரேட்ஸ் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். "மை அங்கிள் வொர்க்ஸ் இன் மலேசியா" என்ற வாக்கியம் புத்தகத்து வாக்கியங்களைவிட நன்றாகப் பதியும். ஆனால் யார் எப்போது, எப்படிப் போனார்கள் என்று வகுப்பில் கேட்க வேண்டாம். பல வீடுகளில் அது சொல்ல விரும்பாத விஷயம். கற்பனை மாமாவையும் அனுமதியுங்கள், ஜப்பானில் வேலை பார்க்கும் மாமா பாதிப் பேருக்கு முளைத்துவிடுவார்.

இங்கேயே நேரம் கேட்கும் ஆட்டத்தைச் சேர்க்கலாம். "மாமாவுக்கு இப்போது மணி என்ன?" அதில் ஒரு சிக்கல்: நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால், அதனால் பெரும்பாலான நாடுகளோடு கணக்குப் போட்டால் அரை மணி இடிக்கும். நமக்கு ஒன்பது என்றால் பாங்காக்கில் ஒன்பதரை, சிங்கப்பூரில் பத்தரை, டோக்கியோவில் பதினொன்றரை, துபாயில் ஆறரை. சென்னையில் மட்டும் சரியாக எட்டு, ஏனென்றால் அங்கேயும் அரை மணிக் கணக்குதான். சென்னையில் தொடங்கி முழு மணியைப் பழக்குங்கள். "ஹாஃப் பாஸ்ட்" என்பதை மறுநாள் எடுத்தால் மற்ற எல்லா ஊரும் அதற்குப் பயிற்சியாகிவிடும்.

பெரிய பிள்ளைகளே ஜெயிக்கிறார்கள்

வயது கலந்து குழு பிரியுங்கள். பெரியவர் குழுவுக்குள் சொல்லித் தரலாம், வெளியே பதில் சொல்லக் கூடாது.

"விளையாடவா அனுப்புகிறோம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்

நோட்டில் எதுவும் இல்லையென்றால் அவர்கள் கேட்பது நியாயம்தான். கடைசிப் பத்து நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஜெயித்த வாக்கியங்கள் மூன்றைப் பிள்ளையே எழுதட்டும், தேதியோடு. வீட்டில் அம்மாவோ பாட்டியோ நோட்டைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை பார்க்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்களும் சரிபார்க்கலாம், தடங்கலில்லாமல் வருகிறதா என்று கேட்டால் போதும். அடுத்த நாள் முதல் ஆட்டத்தை அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தே தொடங்குங்கள்.